கையில் மை படாமல் எழுதிய அச்சு வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் ஆண்டு மலரில் தமிழ் அச்சுக்கலையின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பொங்கல் விழாவில் பலர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். ஒரு அன்பர் அதை நகலெடுத்து மதுரையில் இருக்கும் தம்பிக்கு அனுப்பியதாகச் சொன்னார். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன். போன மாதம் அந்த மலரைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். படித்து முடித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

தகவல் பிழை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூல், 1556இல் கோவாவுக்கு வந்த அச்சுப்பொறி, 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் என்றீக்கே என்றீக்கசு அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்', 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, 1712இல் லண்டனிலிருந்து வந்த அச்சு இயந்திரம், 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள், 1714-15இல் புதிய ஏற்பாடு. வரிசையாக எல்லாம் இருந்தன. ரயில்வே அட்டவணை மாதிரி. எந்த ஸ்டேஷனுக்கு எப்போது வண்டி வந்தது என்று தெரியும். வண்டியை யார் ஓட்டினார்கள், நிலக்கரியை யார் அள்ளிப் போட்டார்கள் என்று தெரியாது. நான் மட்டும் இல்லை. மாநிலத்துக்கு வெளியே இருக்கிற நம் சங்கங்களின் மலர்களில் அச்சுக்கலை பற்றி வருகிற கட்டுரைகள் அநேகமாக எல்லாமே இந்த வார்ப்புதான். "முதல்", "முதன்முதலில்", "முதலாவது" என்ற சொற்களை எடுத்துவிட்டால் பாதிக் கட்டுரை காணாமல் போகும். வெளி மாநிலத்தில் பிள்ளைகளுக்குத் தமிழின் பெருமையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு இருக்கிறது, அதனால் இப்படி எழுதுகிறோம் என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளே நம்மைக் கேள்வி கேட்கிறார்கள்.

என்னைக் கேட்டவள் நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி. பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ். தம்பிரான் வணக்கத்தின் ஒரு பக்கத்தை நகலெடுத்து வகுப்பில் காட்டிக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு, "மாமா, இதுல புள்ளியே காணோமே, மறந்துட்டாங்களா?" என்றாள். எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன்: ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழிந்துவிடும், அதனால் வைக்கிற வழக்கம் இல்லை, அச்சிலும் அப்படியே வந்துவிட்டது. அவள் விடவில்லை. "நெஜமாவே கிழியுமா? நீங்க எழுதிப் பாத்தீங்களா?"

எழுதிப் பார்த்ததில்லை. இந்த விளக்கத்தைச் சொன்னவர்களில் எத்தனை பேர் எழுதிப் பார்த்தார்கள் என்றும் சந்தேகம் வந்துவிட்டது.

ஐதராபாத்தைச் சுற்றிப் பனைக்குக் குறைவா என்ன? கள் இறக்கும் ஒருவரிடம் சொல்லிவைத்து இளம் ஓலை வாங்கினேன். "தாட்டி ஆக்கு எதுக்கு சார், விசிறி பண்ணவா?" என்று கேட்டார். நறுக்கி, மஞ்சள் போட்டு வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து எடுத்தேன். எழுத்தாணிக்கு ஒரு கொல்லுப்பட்டறையில் இரும்புக் கம்பியைக் கூர் தீட்டித் தரச் சொன்னேன். முதல் ஏழெட்டு ஓலைகள் வீண். அதற்குப் பிறகு கை கொஞ்சம் பழகியது. பார்த்தது இது: சரியாகப் பதப்படுத்திய ஓலையில் புள்ளி வைத்தால் கிழியவில்லை. சரியாக வேகாத ஓலை என்றால் புள்ளி என்ன, 'ட'வின் அடிக்கோடு இழுத்தாலே நார்வாக்கில் பிளக்கிறது. கூர் அதிகமான முனை நாரில் மாட்டுகிறது. கொஞ்சம் மழுங்கிய முனை வழுக்கிக்கொண்டு போகிறது. அதைவிட முக்கியமான ஒன்று. எழுதும்போது வலது கை எழுத்தாணியை அசைக்காமல் பிடித்திருக்க, இடது கைதான் ஓலையை நகர்த்துகிறது. அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு மெய்க்கும் எழுத்தாணியைத் தூக்கிக் குத்துவது பெரிய தடை. குத்தினாலும், மையும் எண்ணெயும் தடவித் துடைத்த பிறகு, புள்ளி எது, ஓலையின் இயல்பான கறை எது என்று தெரியவில்லை.

ஆக, ஓலை கிழியும் என்பதை முழுக் காரணமாகச் சொல்ல முடியாது. யோசித்துப் பார்த்தால் கையே வேண்டாம், கண் போதும். சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை. கல் எங்கே கிழியப் போகிறது? மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்லியும் எழுதியவர்கள் வைக்கவில்லை என்றால், அது எழுதுகிறவனின் சோம்பலும் படிக்கிறவனின் பழக்கமும் சேர்ந்து செய்துகொண்ட உடன்பாடு. இதே வகையில், ஓலையில் நேர்கோடு போட்டால் கிழியும் என்பதால்தான் தென்னாட்டு எழுத்துகள் வட்டமாயின என்று ஒரு வாதம் உண்டு. பேருந்துப் பலகையில் தினமும் தெலுங்கின் உருண்டை எழுத்தைப் பார்க்கிற நாம் அதை உடனே நம்பிவிடுகிறோம். ஆனால் அதே பனையோலையில் அதே எழுத்தாணியால் ட, ப, க, ம என்று கோணமும் நேர்கோடுமாக எழுதிய ஒரு சமூகம் பக்கத்திலேயே இருந்ததே, அது நாம்தானே!

அப்படியானால் 1578இல் ஈய எழுத்தில் புள்ளி ஏன் வரவில்லை? இது என் ஊகம், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து வெட்டுகிறவன் முன்னால் இருந்தது ஓலைக் கையெழுத்து. அதில் இல்லாததை அவன் ஏன் வெட்ட வேண்டும்? புள்ளி வைத்தால் மெய்யெழுத்துக்காக மட்டும் 18 அச்சாணிகள் கூடுதலாக வெட்ட வேண்டும். எஃகில் தலைகீழ்ப் பிம்பமாக ஒரு எழுத்தை வெட்டி, அதைச் செம்பில் அடித்து அச்சு எடுத்து, அதில் ஈயம் வார்க்க வேண்டும். 18 என்பது சின்ன எண் இல்லை.

எழுத்து என்பது இப்படி எண்ணிக்கை விஷயம் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் செகந்திராபாத்தில் ஒரு பழைய அச்சகத்தில் நாற்பது ஆண்டுக்கு மேல் கம்போசிட்டராக இருந்த ஒரு பெரியவர். பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம். நம் சங்கத்தின் பழைய மலர்கள் சிலவற்றை எழுத்து எழுத்தாகக் கோத்தவர் அவர்தான். (எந்த மலரிலும் அவர் பெயர் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். விளம்பரம் கொடுத்த ஓட்டல்களின் பெயர் எல்லாம் இருக்கிறது.) அந்த அச்சகத்தில் இப்போது ஆஃப்செட்டும் ஃப்ளெக்ஸும்தான். ஆனால் தமிழ் கேஸ்கள் நாலு, மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடந்தன. உரிமையாளர் அனுமதியோடு ஞாயிறுதோறும் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் பெரியவர் என்னைக் கேஸ் முன்னால் நிறுத்தி, "தம்பி, தமிழ்ல எழுத்து எத்தனை?" என்றார். 247 என்றேன். சிரித்தார். "அது வாத்தியாருக்கு. நமக்கு எத்தனைன்னு எண்ணுங்க."

எண்ணினேன். உயிர் 11, ஔவுக்குத் தனி எழுத்து இல்லை, ஒ பக்கத்தில் ள போட்டுக்கொள்வது. ஆய்தம் 1. அகர மெய் 18, புள்ளி மெய் 18. கி, கீ வரிசைக்கு 36, கு, கூ வரிசைக்கு 36. பிறகு கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று 4. மொத்தம் 124. கிரந்த எழுத்தும் எண்களும் நிறுத்தக் குறிகளும் தனி. அதற்கப்புறம் ஓரத்தில் ஏழு அறைகள். பழைய ணா, றா, னா மூன்று. தும்பிக்கை போட்ட பழைய ணை, லை, ளை, னை நான்கு. ஆக 131.

இங்கேதான் என் பழைய கட்டுரையில் ஒரு ஓட்டை தெரிந்தது. எழுத்துச் சீர்திருத்தம் பற்றி எழுதும் எல்லோரையும் போல நானும், பெரியார் 1935இல் குடி அரசில் தொடங்கி வைத்து, 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றுக்கொண்ட சீர்திருத்தத்தால் 13 எழுத்துகள் மாறின, அச்சுக்கோப்பவர்களின் சுமை பெரிதும் குறைந்தது என்று எழுதியிருந்தேன். 13 என்பது பலகையில் எழுதுகிற கணக்கு. ணா, றா, னா போக ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்ற ஆறும் அதில் அடக்கம். கேஸில் அந்த ஆறுக்கும் தனி அறை கிடையாது. கொம்பை எடுத்து முன்னால் வைத்து, பழைய ணாவைப் பக்கத்தில் வைத்தால் ணொ ஆகிவிடும். அதனால் அச்சகத்துக்கு மிச்சமானது 7 அறைதான், 131இல் 7. நூற்றுக்கு ஐந்து சொச்சம். சீர்திருத்தம் வீண் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் கற்பதற்கு அது பெரிய உதவி, தமிழ் வகுப்பு நடத்துகிற எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அச்சகத்தின் பெயரைச் சொல்லி அதைப் புகழ்வதானால் அச்சகத்துக்குள் ஒருமுறை போய்ப் பார்த்திருக்க வேண்டும். "உங்களுக்கு ரொம்ப சவுகரியமா போச்சா ஐயா?" என்று கேட்டேன். "என்ன சவுகரியம்? கை அந்த மூலைக்குப் போறது நிக்க ஒரு வருசம் ஆச்சு" என்றார்.

கை போவது என்றேன். கம்போசிட்டர் கேஸைப் பார்ப்பதில்லை. காகிதத்தைப் பார்க்கிறார், கை தானாகப் போகிறது. வாய் முணுமுணுக்கிறது. 'கொடி' என்ற சொல் வந்தால் அவர் வாயில் வருவது "கொம்பு, கானா, கால், டி". நாம் க் என்று தொடங்கி ஒ என்று முடிக்கிற ஒலியை, அவர் கை கொம்பில் தொடங்கிக் காலில் முடிக்கிறது. இன்று கணினியில் ஒருங்குறியில் தட்டினால் மெய் முதலில், உயிர்க்குறி பின்னால் என்று ஒலி வரிசையில் பதிவாகிறது. அச்சுக்கோப்பவர் கண் வரிசையில் கோத்தார். எழுத்துகள் ஸ்டிக்கில் தலைகீழாக நிற்கின்றன. இடமிருந்து வலமாகவே படிக்கலாம், ஆனால் தலைகீழாக. நான் ஒரு பத்தி கோக்க ஒரு முழு ஞாயிறு ஆயிற்று. அதில் ரவும் காலும் பத்து இடத்தில் மாறியிருந்தது. ஈயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சின்னக் காலடிச் சாய்வு. "பழைய புக்குல ர இருக்க வேண்டிய எடத்துல கால் இருந்தா அது பாட பேதம்னு நெனச்சுக்காதீங்க தம்பி. ர தீர்ந்து போயிருக்கும்" என்றார் பெரியவர். பாடபேதம் பற்றி ஆராயும் பேராசிரியர்கள் இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைத் தேடி வந்திருக்கலாம்.

எழுத்து தீர்ந்து போவது என்பதுதான் அந்தத் தொழிலின் அடிப்படை. ஒரு அச்சகத்தில் ஒரு புத்தகம் முழுவதும் கோத்து வைக்கும் அளவுக்கு எழுத்து இருக்காது. நாலு பக்கமோ எட்டுப் பக்கமோ கோத்து, மெய்ப்புப் பார்த்து, அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம். அச்சான படிவத்தில் பிறகு பிழை தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கடைசியில் பிழைதிருத்தப் பட்டியல் போடுவதுதான் வழி. பழைய பதிப்புகளின் பின்னால் நீளும் அந்தப் பட்டியலைப் பார்த்து "எத்தனை பிழை!" என்று நாம் சிரிக்கிறோம். உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணி 1887இல் வெளிவந்ததும் இப்படிப் படிவம் படிவமாகத்தான். நூற்றாண்டு கடந்த பிரதியைத் தேடிக் கண்டுபிடித்து, ஒப்பிட்டு, திருத்தி, முன்னால் போன படிவத்தை இனித் தொட முடியாது என்ற நெருக்கடியில் அடுத்த படிவத்துக்கு முடிவு எடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தப் பதிப்பின் முன் இன்னும் கொஞ்சம் தலை தாழும்.

இனித் தரங்கம்பாடி. ஹாலேயில் வெட்டிய எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை, அதனால் அங்கேயே சிறிய எழுத்துகள் வார்த்தார்கள், ஆட்லர் என்பவர் வார்த்தார். இவை எல்லா நூலிலும் இருக்கின்றன. கூடவே, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கித்தான் வார்த்தார்கள் என்ற கதையும் இருக்கிறது. நானும் அதை ரசித்து எழுதியிருந்தேன்.

வெறும் காரீயத்தை உருக்கி வார்த்துப் பாருங்கள். (நான் பார்த்தேன். வீட்டுக்குள் செய்யாதீர்கள், புகை நல்லதில்லை.) நகத்தால் கீறினாலே கோடு விழும். அச்சில் வைத்து அழுத்தினால் சில நூறு தாளுக்குள் முகம் மழுங்கிவிடும். எழுத்து உலோகம் என்பது காரீயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. ஆன்டிமனி கடினம் தருகிறது, ஆறும்போது சுருங்குவதைக் குறைக்கிறது. வெள்ளீயம் அச்சின் நுணுக்கங்களுக்குள் ஓட வைக்கிறது. காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். சரியான விகிதத்தில் கலந்தால் 240 டிகிரிப் பக்கத்திலேயே உருகிவிடும். ஆகவே பாலாடைப் பெட்டி ஈயம் உண்மையாகவே பயன்பட்டிருந்தாலும் அது தனியாக எழுத்தாகியிருக்காது. தேய்ந்த எழுத்தையோ வேறு கலவையையோ சேர்த்துத்தான் ஆகியிருக்கும். அதை அறிந்த ஒரு கை உலை பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். கதையில் பாலாடை இருக்கிறது, அந்தக் கை இல்லை. ஆட்லருக்கு ஊது உலை ஊதியது யார், கலவை பார்த்தது யார்? வெண்கலமும் ஈயமும் வார்க்கத் தெரிந்தவர்கள் தஞ்சை வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

காகிதச் செலவைக் கணக்குப் போட்டால் எழுத்தைச் சிறிதாக்கிய அவசரம் புரியும். எழுத்தின் உயரத்திலும் அகலத்திலும் கால் பங்கு குறைத்தால், பரப்பு 16இல் 9 ஆகிவிடும். 16 கட்டுக் காகிதம் கேட்கிற புத்தகம் 9 கட்டில் முடியும். கடல் தாண்டி வருகிற காகிதத்துக்கு இது சாதாரண மிச்சமா? அதுவும் போதாமல்தான் பக்கத்தில் பொறையாறில் காகிதப் பட்டறையே வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்று அந்த இடத்துக்குப் பெயரே நிலைத்துவிட்டது. ஆலை, இயந்திரம் என்று பேசுகிற வரலாறு மறந்தாலும் ஊர்ப்பெயர் மறக்கவில்லை.

காகிதமும் செய்து பார்ப்போமே என்று இறங்கினேன். பழைய வேட்டி நாலைத் துண்டு துண்டாக வெட்டி, சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, அலசி, முதலில் மிக்ஸியில் அடித்தேன். கூழ் கிடைத்தது, தாள் எடுத்தால் காய்ந்ததும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. மிக்ஸி நாரை வெட்டுகிறது. காகிதத்துக்கு நாரை நசுக்கிப் பிரிக்க வேண்டும், வெட்டக் கூடாது. அடுத்து கிரைண்டர். "இட்லிக்கு அரைக்கிற கல்லுல வேட்டியா?" என்று வீட்டில் எழுந்த குரலை இங்கே முழுவதும் எழுத முடியாது. ஆனால் கிரைண்டர் கூழில் வந்த தாள் மடித்தாலும் உடையவில்லை. பழைய பட்டறைகளில் கால் மிதி உலக்கையால் நாள் கணக்கில் ஏன் இடித்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

இந்த முறையில் படித்தவர்களில் முன்னோடி என்று அமெரிக்கரான டார்ட் ஹண்டரைச் சொல்ல வேண்டும். 1910களில் தாமே காகிதம் செய்து, தாமே எழுத்து வெட்டி வார்த்து, தாமே அச்சடித்துப் புத்தகம் போட்டவர். 1937இல் இந்தியா வந்து கைக்காகிதப் பட்டறைகளைப் பார்த்து, 1939இல் நியூயார்க்கில் அதுபற்றி நூல் வெளியிட்டார். அதில் அந்தந்த ஊர்க் காகிதத்தையே மாதிரியாக ஒட்டி வைத்தார். காகிதத்தைப் பற்றி எழுதுகிறவன் காகிதத்தையே காட்டுகிறான். இதைவிட நேர்மையான அடிக்குறிப்பு உண்டா? அப்போது இங்கே காந்தியடிகளின் தூண்டுதலில் 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் கைக்காகிதத்தை மீட்டுக்கொண்டிருந்தது. அதன் செயலாளர் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. சங்கானேரில் இருக்கும் தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பெயர்தான். தமிழ் மலர்களில் குமரப்பா பற்றி அச்சுக்கலைப் பக்கத்தில் ஒரு வரி கூட நான் படித்ததில்லை.

ஆனால் ஹண்டரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. தொட்டி, சட்டகம், உலக்கை என்று கருவியில் அவருக்கு இருக்கும் கண், அந்தத் தாளில் யார் என்ன எழுதினார்கள் என்பதில் அவ்வளவாக இல்லை. காகிதத்துக்கு எழுதுகோல்தான் பாதி உயிர். இதை எனக்கு உணர்த்தியது பழைய நிஜாம் ராஜ்யத்தின் காகிதம். 1956 வரை ஐதராபாத் ராஜ்யத்தில் இருந்த ஔரங்காபாத் பக்கத்தில், தௌலதாபாத்துக்கு அருகே, காகஸிபுரா என்று ஒரு ஊர். 1327இல் முகமது பின் துக்ளக் தலைநகரை அங்கே மாற்றியபோது காகிதக் கலைஞர்களும் வந்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. எல்லோரா பார்க்கப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறோம், நிறுத்துவதில்லை. இந்தியக் கைக்காகிதத்தில் தாளை மாவுக் கஞ்சி பூசிக் காயவைத்து, வழுவழுப்பான கல்லால் மெருகு ஏற்றுவார்கள். நாணற்பேனா வழுக்கிக்கொண்டு ஓட அந்த மெருகு வேண்டும். ஐரோப்பியக் காகிதத்துக்குப் பூசியது விலங்கின் கொழுந்துப் பசை.

என் கிரைண்டர் தாளிலும் கஞ்சி பூசி, கல்லால் தேய்த்து, நாணற்பேனாவால் எழுதினேன், அருமையாக இருந்தது. அதே தாளைப் பழைய வழக்கப்படி கொஞ்சம் ஈரமாக்கி ஈய எழுத்தில் வைத்து அழுத்தினேன். கஞ்சி இளகி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, தாளின் தோல் உரிந்து வந்தது. ஈரம் இல்லாமல் அழுத்தினால் மெருகின் மேல் மை சரியாகப் பிடிக்கவில்லை. என் கை பழகாத கை. இதை வைத்து நான் ஒரு கோட்பாடு கட்டவில்லை. ஆனாலும், எழுதுவதற்குச் செய்த காகிதமும் அச்சடிப்பதற்குச் செய்த காகிதமும் இரண்டு வேறு பொருள்கள் என்பதைப் புத்தகம் பத்து முறை சொல்லியும் புரியாத எனக்கு அந்த உரிந்த தோல் ஒரே முறையில் சொல்லிவிட்டது.

இந்த ஊரில் உருது வேறு பாதையில் போனது. நஸ்தாலிக் எழுத்து மேலிருந்து கீழே சாய்ந்து தொங்குவது. அதை ஈயத் துண்டுகளாக நறுக்கினால் அழகு போய்விடும். 1796இல் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு வந்ததும் உருது உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. காத்திப் எனப்படும் எழுத்தர் கையால் எழுதுவார், அது கல்லுக்கு மாறும், கல்லிலிருந்து தாளுக்கு. ஆகவே அச்சு வந்த பிறகும் அங்கே எழுதுகிறவனின் கை மறையவில்லை. 1981இல் நூரி நஸ்தாலிக் என்ற கணினி எழுத்து வரும்வரை அது நீடித்தது. சத்தா பஜாரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகிற நம் ஆட்கள் அந்தச் சந்தில் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம். நம் சென்னையிலேயே திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கிய 'முசல்மான்' நாளிதழ் கணினி வந்த பிறகும் பல ஆண்டுகள் கையாலேயே எழுதி அச்சிடப்பட்டது. தமிழ் ஈயத்துக்குப் போனதால் அச்சுக்கோப்பவர் உருவானார். உருது கல்லுக்குப் போனதால் காத்திப் பிழைத்தார். இரண்டு பேரும் கடைசியில் ஒரே கணினிக்கு வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரே ஊரில் இருந்தும் இந்த இரண்டு கதையையும் சேர்த்துப் பார்க்க எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

கையால் செய்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. என் கிரைண்டர் பொறையாறு ஆகாது. ஒரு கோடைகாலம் எழுத்தாணி பிடித்தவன் ஓலைச்சுவடி எழுதியவனின் கையை அறிந்ததாகச் சொன்னால் அது இன்னொரு வகைப் பொய். ஆவணம் வேண்டும், தேதி வேண்டும். ஆனால் ஆவணம் சொல்வது நடக்கக்கூடியதுதானா என்று சரிபார்க்கக் கை ஒன்றுதான் இருக்கிறது. என் பழைய கட்டுரையில் மூன்று இடங்களில் அந்தச் சரிபார்ப்பு இல்லை: ஓலை கிழிந்தது, 13 எழுத்து, பாலாடை ஈயம். மூன்றையும் இந்த மலரிலேயே திருத்திக்கொள்கிறேன். அதுவும் ஒரு பிழைதிருத்தப் பட்டியல்தான்.

இப்போது மலர்க்குழுவும் பொதுக்குழுவும் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி. அந்த அச்சகம் இடம் மாறுகிறது. தமிழ் கேஸ் நாலையும் பழைய ஈயமாக எடைக்குப் போட உரிமையாளர் பேசி முடித்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. இருபது வருஷமாக வாடகை இல்லாமல் வைத்திருந்தார். எழுத்துகள் மொத்தம் ஏறக்குறைய அறுபது கிலோ. பழைய இரும்புக் கடைக்காரர் கொடுப்பதாகச் சொன்ன விலையை நானே கொடுத்து இரண்டு கேஸை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மற்ற இரண்டையும் பொங்கல் வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். சங்கக் கட்டிடத்தில் நூலக அறையின் ஓரத்தில் ஒரு மேசை இடம் போதும்.

பெரியவருக்கு எண்பது நெருங்குகிறது. கண் புரை அறுவை முடிந்து, போன ஞாயிறு பேரன் ஸ்கூட்டரில் வந்தார். கேள்வி கேட்ட அந்தச் சிறுமியும் வந்திருந்தாள். ஸ்டிக்கைக் கையில் கொடுத்து, "உன் பேரைக் கோரு பாப்பா" என்றார். முதல் எழுத்திலேயே கொம்பைப் பின்னால் வைத்துவிட்டாள். "முன்னால, முன்னால" என்று அவள் விரலைப் பிடித்து அந்த அறைக்குக் கொண்டுபோனார். கேஸைப் பார்க்கவில்லை.